கணினி தகராறு செய்கிறதா? பர்ஸைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கணினியில் ஏதாவது கோளாறு என்று யாரிடமாவது சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "ஃபார்மேட் போட்டுடுங்க" என்பது ஒன்று. "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே சொல்கிறவருக்குச் சுலபம். முதலாவதில் கோப்புகள் போகும், இரண்டாவதில் பணம் போகும். பல நேரங்களில் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விடலாம். எல்லா இடத்திலும் ஒரே வரிசைதான்: முதலில் கோப்புகளைக் காப்பாற்றுவது, அப்புறம் காசில்லாத சோதனைகள், அதற்கும் அப்புறம் பாகம் மாற்றுவது, கடைசியில்தான் புதுக் கணினி. விண்டோஸை மனத்தில் வைத்து எழுதியது. மற்றவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எல்லாமே மெதுவாக இருக்கிறது

இது காய்ச்சல் மாதிரி. நோய் எது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும், நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை. சிபியூ, மெமரி, டிஸ்க் மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது?

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, சிபியூ சும்மா இருக்கிறது என்றால், அது ஹெச்டிடியா (தட்டு சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா (சிப்பில் சேமிக்கும் புது வகை) என்று அங்கேயே எழுதியிருக்கும். ஹெச்டிடி என்றால் காரணம் கிடைத்துவிட்டது. நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 11 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர வேண்டும், அந்த இடமும் சுழன்று முனைக்குக் கீழே வர வேண்டும். சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை இப்படித் தேடித் தேடிப் படித்தால் வினாடிக்கு நூறு தடவை படிப்பதே பெரிய காரியம். விண்டோஸோ பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கில் அப்படிப்பட்ட துண்டுகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டிகூட வினாடிக்குப் பல்லாயிரம் தடவை படித்துக் கொடுத்துவிடும்.

அதனால் பழைய கணினிக்கு நான் யோசிக்காமல் சிபாரிசு செய்யும் செலவு, ஹெச்டிடியை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது ஒன்றுதான். ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் வேகக் கணக்கைப் பார்த்து அதிகம் கொடுக்க வேண்டாம். ஹெச்டிடியிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சாட்டா எஸ்எஸ்டிக்கும் விலை கூடிய என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் நடுவே உள்ள வித்தியாசம், பெரிய வீடியோக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அன்றாட வேலையில் அவ்வளவாகத் தெரியாது. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். அது நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு பேக்கப் எடுக்க வைத்துக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி இருந்தும் டிஸ்க் 100இல் நிற்கிறதா? இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். எஸ்எஸ்டி புதிதாக எழுத வேண்டுமானால் பழைய பிளாக்குகளை முதலில் துடைத்துக் காலி செய்ய வேண்டும். விளிம்பு வரை நிரம்பினால் அந்த வேலைக்கே இடம் இல்லாமல் தவிக்கும். பத்துப் பதினைந்து சதவீதமாவது காலியாக இருக்கட்டும். இடம் இருந்தும் இப்படி என்றால் மெமரியைப் பாருங்கள். ராம் போதாமல் போனால் விண்டோஸ் டிஸ்க்கையே ராமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும், அதனால் டிஸ்க்மேல் வீணாகப் பழி விழும்.

மெமரி எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் என்றால், முதலில் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கணினி தொடங்கும்போதே தாமாக எழுந்து உட்காரும் செயலிகள் அங்கே வரிசையாக இருக்கும். பிரிண்டர் உதவியாளர், கேம் லாஞ்சர், ஏதோ ஒரு சாட் செயலி என்று எதுவும் அங்கே இருக்கத் தேவையில்லை. டிசேபிள் செய்தால் செயலி அழிந்துவிடாது, நீங்கள் கூப்பிடும்போது வரும். அடுத்து பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள். இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் ராம் வாங்கலாம். வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் விவரக்குறிப்பைப் பார்த்துவிடுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. புது லேப்டாப் வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் சில வருடங்கள் கழித்து வரும் பெரிய செலவைத் தவிர்க்கலாம்.

சிபியூ உச்சத்தில் இருந்தால் எந்த புராசஸ் தின்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட், டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) ஸ்கேன், தேடல் குறியீடு ஆகியவை கொஞ்ச நேரம் தின்றுவிட்டு அடங்கிவிடும். அவற்றை நிறுத்தப் போராட வேண்டாம். பெயர் தெரியாத ஒன்று மணிக்கணக்கில் ஓடுகிறது, நீங்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் மட்டும் சட்டென்று அடங்குகிறது என்றால் அது யாருக்கோ கிரிப்டோ தோண்டிக்கொண்டிருக்கலாம். டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால் ஒளிந்துகொள்வது கடினம்.

மூன்றுமே குறைவாக இருக்கின்றன, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால் சிபியூ பக்கத்தில் ஸ்பீடு என்ற எண்ணைப் பாருங்கள். வேலை கொடுத்தபோதும் அது 0.8 கிகாஹெர்ட்ஸ் போல அடிமட்டத்திலேயே கிடந்தால், சிபியூ தன்னைத் தானே அடக்கிக்கொண்டிருக்கிறது. வழக்கமான காரணம் சூடு. லேப்டாப் சிபியூக்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. ஃபேன் வழியில் அடைந்த தூசியை ஊதி எடுப்பதும், மெத்தைமேல் வைக்காமல் இருப்பதும் செலவில்லாதவை. சில வருடம் ஆன லேப்டாப் என்றால் சிபியூமேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதை மாற்றுவது சின்னச் செலவு. அதிகம் பேர் யோசிக்காத இன்னொரு காரணமும் உண்டு: சார்ஜர். வாட் குறைந்த சார்ஜரையோ, அடையாளம் தெரியாத சார்ஜரையோ செருகினால் சில லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், வேகம் திரும்பினால் குற்றவாளி அதுதான்.

ஒரே கிளிக்கில் வேகம், ரெஜிஸ்ட்ரி கிளீனர், ராம் பூஸ்டர் வகையறாக்களுக்கு ஒரு பைசாகூட வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் ஆயிரம் பிழை இருப்பதாக மிரட்டுவார்கள். அவற்றை நீக்கினால் வேகம் கூடாது, ஏதாவது செயலி படுத்துக்கொள்வதுதான் மிச்சம். மைக்ரோசாஃப்டே இவற்றை ஆதரிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறது. ராமைக் காலி செய்து காட்டும் செயலிகள் அதைவிட வேடிக்கை. காலியாகக் கிடக்கும் ராமால் யாருக்கும் லாபம் இல்லை.

## திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், "உடனே இந்த எண்ணை அழையுங்கள்"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை முதலீடாக வைத்து நடக்கும் தொழில் இது. உங்கள் கணினியில் வைரஸ் எதுவும் வரவில்லை. திரையை முழுதாக மறைத்துக்கொண்டிருக்கும் ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணே இருக்காது. மைக்ரோசாஃப்ட் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எண் இருந்தால் மோசடி. வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

எஸ்கேப் விசையைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் எஃப்11. அதற்கும் அசையவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் அதே பக்கம் திரும்பி வந்து நிற்கும்.

திரையின் மூலையில் மட்டும் அடிக்கடி "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று வருகிறதா? ஏதோ ஒரு தளத்தில் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்டபோது அலோ கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு, இனி யாரும் கேட்கவே கூடாது என்று வைத்துவிடுங்கள். ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டாலும் இது நிற்காது, ஏனென்றால் அனுமதி நீங்கள் கொடுத்தது.

எண்ணை அழைத்துவிட்டீர்கள், அவர்கள் சொன்ன செயலியை நிறுவி கணினியைக் கையில் கொடுத்தும்விட்டீர்கள் என்றால் கதை வேறு. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்தால் போதும். அடுத்து வங்கிக்குப் பேசுங்கள். எண்ணைக் கார்டின் பின்னால் பாருங்கள், தேடுபொறியில் தேடாதீர்கள், போலி எண்கள் அங்கேயும் காத்திருக்கும். பிறகு வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயிலிலிருந்து தொடங்கி. கடைசியாக, கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். ஃபார்மேட் என்ற பதில் பொருந்தும் சில இடங்களில் இது ஒன்று. உள்ளே வந்தவர் என்ன வைத்துவிட்டுப் போனார் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட இது நிச்சயமானது.

ஆன்டிவைரஸ் பற்றிக் கேட்டால் என் கருத்து இது: விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும். காசு கொடுத்து வாங்கும் பல பாதுகாப்பு மென்பொருள்கள் நாளுக்கு நான்கு முறை சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி அலறுவதைப் பார்த்தால், மேலே சொன்ன சிவப்புத் திரைக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் காண்பது என்று மக்கள் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை.

## என் உண்மையான பாஸ்வேர்டைப் போட்டு மிரட்டல் மெயில் வந்திருக்கிறது

"உன் கேமராவில் எல்லாம் பதிவாகிவிட்டது, இதோ உன் பாஸ்வேர்ட், இத்தனை பிட்காயின் அனுப்பு." பாஸ்வேர்ட் சரியாக இருப்பதால் நடுக்கம் வருவது இயல்புதான். ஆனால் அதை அவர்கள் உங்கள் கணினியிலிருந்து எடுக்கவில்லை. எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து திருடப்பட்ட பட்டியல் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. லிங்க்டுஇன்னில் 2012இல் திருட்டுப்போன பட்டியல் 2016இல் விற்பனைக்கு வந்தது. அவ்வளவு நாள் கழித்தும் அதற்கு மதிப்பு இருந்தது, ஏனென்றால் மக்கள் அதே பாஸ்வேர்டை வேறு இடங்களிலும் வைத்திருந்தார்கள். டிராய் ஹண்ட் 2013இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் உங்கள் மெயில் முகவரியைப் போட்டால் எந்தெந்தத் திருட்டுகளில் அது இருந்தது என்று காட்டும். மிரட்டலுக்குப் பதில் எழுதாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்கே பயன்படுத்துகிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள்.

உண்மையாகவே யாரோ கணக்கில் நுழைந்திருந்தால் பாஸ்வேர்ட் மாற்றுவது மட்டும் போதாது. மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். உங்கள் மெயில்களின் நகல் சத்தமில்லாமல் இன்னொரு முகவரிக்குப் போகும்படி வைத்துவிட்டுப் போவது பழைய தந்திரம், பாஸ்வேர்ட் மாறினாலும் அது நிற்காது. மீட்பு எண், மீட்பு மெயில் இரண்டும் உங்களுடையவைதானா என்றும் பாருங்கள். பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தானை அழுத்துங்கள். இன்றைய திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டை மட்டும் எடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமாக பிரவுசரில் இருக்கும் குக்கீயையே எடுத்துக்கொண்டு போகின்றன. அப்படி நுழைகிறவரிடம் ஓடிபி கேட்கவே மாட்டார்கள். இந்த நிரல்கள் வந்து சேரும் முக்கிய வழிகளில் ஒன்று இலவசமாகக் கிடைக்கும் கிராக் மென்பொருள். நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று குறிப்பு கொடுப்பவர் எதற்காகச் சொல்கிறார் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றும் பழக்கம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே காரணமில்லாமல் கட்டாய மாற்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் எல்லோரும் கடைசி எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டு போவார்கள். நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் வேண்டும், அதை நினைவில் வைத்துக்கொள்ள பாஸ்வேர்ட் மேனேஜர் வேண்டும், கூடவே இரண்டாம் அடுக்குச் சோதனை. எஸ்எம்எஸ்ஸைவிட ஆதென்டிகேட்டர் செயலியோ பாஸ்கீயோ நல்லது. எஸ்எம்எஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையும் விடாதீர்கள்.

## பூட் ஆகாமல் நீல நிறத்தில் 48 இலக்க எண் கேட்கிறது

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், மீட்புச் சாவியைக் கேட்கிறது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் ஆன பிறகும், மதர்போர்டு மாற்றிய பிறகும் இது வருவதுண்டு. "நான் எந்தப் பூட்டும் போடவில்லையே" என்பார்கள். விண்டோஸ் 11இல், குறிப்பாக 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. திருடனிடமிருந்து பாதுகாப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உரிமையாளருக்கே தெரியாமல் போட்ட பூட்டு ஒருநாள் உரிமையாளரையே வெளியே நிறுத்தும்.

வேறு கருவியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரிகவரி கீ என்று தேடுங்கள். திரையில் காட்டும் அடையாள எண்ணும் அங்கே உள்ளதும் பொருந்துகின்றனவா என்று பார்த்து அந்த 48 இலக்கங்களைத் தட்டுங்கள். வேலைக் கணினி என்றால் அலுவலகத்தின் ஐடி பிரிவிடம் இருக்கும். எங்கேயும் இல்லை என்றால் கோப்புகள் போனவைதான். அதைத் திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தத் தொல்லை இன்னும் வராதவர்கள் இப்போதே சாவியைத் தாளில் எழுதி, கணினிப் பையில் இல்லாமல் வேறு எங்காவது வையுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் கட்டாயம்.

## ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக்… டிக்… சத்தம்

அணைத்துவிடுங்கள். செக் டிஸ்க் ஓட்டாதீர்கள், டிஃப்ராக் செய்யாதீர்கள், ஃபிரீஸரில் வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் அதன் மிச்ச ஆயுளிலிருந்து கழியும். விலை மதிப்பற்ற கோப்புகள் அதில் மட்டும்தான் இருக்கின்றன என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் போவதுதான் வழி, அதற்குச் செலவு பெரிது. நிபுணர் தேவையில்லை என்று தோன்றினால், ஒரே ஒரு முறை இயக்கி, முக்கியமானவற்றை முதலில், மற்றவற்றை அடுத்து என்று நகலெடுங்கள்.

சத்தம் இல்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைக் காட்டும். ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. இல்லாமல், வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எஸ்எஸ்டிகள் இப்படிச் சத்தம் போட்டு எச்சரிப்பதில்லை. நேற்று வரை ஓடிவிட்டு இன்று பயாஸிலேயே காணாமல் போகும்.

## கோப்புகளின் பெயர்கள் மாறிவிட்டன, எதுவும் திறக்கவில்லை, ஒரு மிரட்டல் குறிப்பு கிடக்கிறது

இது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல். இணைய வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, ரீஸ்டார்ட் ஆகாத சில பழைய விண்டோஸ் கணினிகளில் பூட்டைத் திறக்கும் சாவியின் மூலங்கள் ராமிலேயே மிச்சம் இருந்தன. அவற்றை வைத்துக் கோப்புகளை மீட்கவும் முடிந்தது. எல்லா வகையிலும் இது நடக்காது, ஆனால் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை.

வேறு கருவியிலிருந்து நோ மோர் ரான்சம் தளத்துக்குப் போங்கள். யூரோபோலும் டச்சு காவல்துறையும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது. பூட்டிய கோப்பின் மாதிரியைக் கொடுத்தால் எந்த வகை என்று சொல்லும், திறப்பான் இருந்தால் இலவசமாகக் கிடைக்கும். இல்லை என்றாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள், பின்னாளில் திறப்பான் வரலாம். பணம் கட்டுவது பற்றி என் கருத்து: வேண்டாம். கட்டினாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கொடுப்பவர் திருடர்தான்.

வானாக்ரை 2017 மே 12 அன்று வெடித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. அப்டேட் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. "அப்புறம் பார்க்கலாம்" பொத்தானின் விலை அன்று பிரிட்டனின் மருத்துவமனைகள் வரை தெரிந்தது.

பேக்கப் விஷயத்தில் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வீட்டுக்கு இது அதிகம் என்று தோன்றினால் குறைந்தது ஒரு வெளி டிஸ்க்காவது வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுத்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப்பையும் ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டிவிடும்.

## "இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்கிறது

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துகொண்டிருந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்கு அப்புறம் வந்த "புதுக் கணினி வாங்குங்கள்" அறிவிப்புகளைப் பார்த்துப் பதறி வாங்கியவர்கள் நிறைய. வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி, எந்தக் காரணத்தால் தகுதி இல்லை என்று சொல்லும். டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று மட்டும் வந்தால், அது இல்லாமல் இருப்பதைவிட அணைத்து வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பயாஸில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். செலவு பூஜ்யம். செக்யூர் பூட் இல்லை என்று வந்தாலும் இப்படித்தான்.

சிபியூ பட்டியலில் இல்லை என்று வந்தால் மாற்ற வழியில்லை. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் வெளியே. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஒரு பட்டியலில் பெயர் இல்லாததால் குப்பை ஆகிறது. ஐநாவின் உலக மின்கழிவு அறிக்கை சொல்வதுபடி 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். டிபிஎம் பாதுகாப்புக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் மெயில் பார்க்கும் கணினியை அதற்காகத் தூக்கிப் போடச் சொல்வது பாதுகாப்பின் செலவை முழுக்கப் பயனர் தலையில் கட்டுவது.

அப்படியானால் என்ன செய்யலாம்? வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை நேரம் வாங்கித் தருகிறது. பிரவுசரிலேயே எல்லா வேலையும் முடிகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நன்றாகவே பொருந்தும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொட வேண்டாம். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால் நிறுவுங்கள். சோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11 நிறுவும் தந்திரங்களும் உண்டு, ஆனால் அந்தக் கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. அப்டேட் வராத கணினியில் வங்கி வேலை மட்டும் வேண்டாம்.

## திடீரென்று நீலத்திரை, அல்லது தானாக ரீஸ்டார்ட்

திரையில் வரும் பிழைப் பெயரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கடைசியாக என்ன மாறியது என்று யோசியுங்கள்: புது டிரைவர், புது ராம், அப்டேட். எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தால் தவறு உங்கள் கணினியில் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. சேஃப் மோடில் (தேவையானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் தொடங்கும் முறை) போய் ஒரு கோப்பை நீக்கினால் சரியாகிவிடும், ஆனால் பல இடங்களில் அதற்கே பிட்லாக்கர் சாவி தேவைப்பட்டு மாட்டிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு முறையும் பிழைப் பெயர் வேறு வேறாக வந்தால் ராம்மேல் சந்தேகம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ செயலியை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராமைக் கழற்றி, முனைகளைத் துடைத்து மாட்டி, ஒவ்வொன்றாகத் தனித்தனியே சோதியுங்கள். பிழை எதுவும் காட்டாமல் பட்டென்று அணைந்தால் மின்சாரம் அல்லது சூடு. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பார்த்துவிட்டு பவர் சப்ளையை மாற்ற ஓடுகிறவர்கள் உண்டு. அந்தப் பதிவுக்குப் பொருள் "முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது" என்பது மட்டும்தான், காரணம் அதில் இல்லை.

## சின்னச் சின்னவை

ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போகிறது, எல்லாத் தளங்களும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்கின்றன: மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. தளங்களின் சான்றிதழ்களுக்குத் தேதி உண்டு, உங்கள் கணினி வேறு வருடத்தில் இருந்தால் அவை செல்லாதவையாகத் தெரியும். செல்லை மாற்றினால் முடிந்தது.

1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுகிறது: யாரும் ஏமாற்றவில்லை. விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

நம்ப முடியாத மலிவு விலைக்கு வந்த பெரிய பென் டிரைவில் கோப்புகள் திறக்கவில்லை: இங்கே ஏமாற்றியிருக்கிறார்கள். சின்னச் சிப்பில் பெரிய அளவை எழுதி வைத்திருப்பார்கள், நிரம்பியதும் பழையதன்மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலி முழுதாக எழுதிப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லும். வாங்கியதுமே ஓட்டுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு அல்ல.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, அல்லது லேப்டாப் மேசையில் சமமாக உட்காரவில்லை: பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடுவதை இப்போதே நிறுத்துங்கள். அழுத்தி உள்ளே தள்ளுவது, ஊசியால் குத்துவது எல்லாம் தீயில் முடியும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள், பழைய பேட்டரியை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேருங்கள்.

## வைஃபை மெதுவாக இருக்கிறது, பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள்

மாறும் முன் ரவுட்டரோடு லேப்டாப்பை வயரில் இணைத்து வேகம் பாருங்கள். வயரில் நீங்கள் காசு கொடுத்த வேகம் முழுதாக வந்தால் இணைப்பில் குறையில்லை, வைஃபைதான் பிரச்சினை. பெரிய பிளான் வாங்கினாலும் அதே சுவருக்கு அப்பால் அதே வேகம்தான் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம், மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவை 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகட்டும். 2.4இல் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து உயரத்தில் வைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பலன் தரக்கூடும்.

வயரிலேயே 94 எம்பிபிஎஸ் அருகில் முட்டி நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் வயரின் குறை. கிகாபிட் வேகத்துக்கு வயருக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு இரண்டே ஜோடிகளில் ஓடும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். வேறு வயர் போட்டுப் பாருங்கள். ரவுட்டரில் அந்த போர்ட்டே 100தான் என்றால் வயரால் பயனில்லை.

ரவுட்டரைத் தொட்ட கையோடு இன்னொன்றையும் முடித்துவிடலாம். 2016இல் மிராய் என்ற நிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அதனிடம் இருந்தது அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். அதே வருடம் அக்டோபர் 21 அன்று அந்தப் படையை ஏவி தளங்களின் பெயருக்கு இணைய முகவரியைக் காட்டிக்கொடுக்கும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் திணறடித்தபோது ட்விட்டர் உள்பட பல தளங்களைத் திறக்க முடியாமல் போனது. உங்கள் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள், டபிள்யூபிஎஸ்ஸையும் (பாஸ்வேர்ட் தட்டாமல் வைஃபையில் இணைக்கும் வசதி). ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். சில வருடங்களாக எதுவும் வரவில்லை, மாடலையே கைவிட்டுவிட்டார்கள் என்றால், அது நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போடக் கூடாத செலவு என்று நான் சொல்வது பேக்கப் டிஸ்க்கும் இதுவும்தான்.